எரிந்த மோர் (Maures) சமவெளியிலிருந்து

துலோன், தெற்கு பிரான்ஸ்,
17 அக்டோபர் 2021

அன்புள்ள இராமலிங்கம்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே பற்றிய காட்டுத்தீயைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், ஓடு இருப்பதால் ஆமைகளாவது தப்பியிருக்குமல்லவா என்றும் எழுதியிருந்தீர்கள். நேரில் போய்ப் பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. தாமதத்துக்கு அதுவே காரணம்.

ஆகஸ்ட் 16 அன்று கொன்ஃபரோன் ஊரருகே பற்றிய தீ, மிஸ்திரால் என்று இங்கே சொல்லும் காற்றோடு சேர்ந்து கடற்கரைப் பக்கமாக ஓடி, ஏறக்குறைய 7,000 ஹெக்டேரை எரித்தது. இருவர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடுகளையும் கூடாரங்களையும் விட்டு வெளியேறினார்கள். 2009இல் அமைக்கப்பட்ட மோர் சமவெளிக் காப்பகத்தில் சுமார் பாதி இந்தத் தீயில் போயிற்று. ஹெர்மன் ஆமையின் முக்கியமான புகலிடம் அது. ஐரோப்பாவிலுள்ள பிரான்ஸ் மண்ணில் இயற்கையாக வாழும் நில ஆமை இந்த ஓர் இனந்தான். அதுவும் இந்த வார் மாவட்டத்திலும் கோர்சிகா தீவிலும் மட்டுமே காட்டில் எஞ்சியிருக்கிறது.

மழைக்குப் பிறகு, போன ஞாயிறு அங்கே போயிருந்தேன். கரிந்த புதர்களுக்கு நடுவே ஓர் ஆமை, புதிதாக முளைத்திருந்த புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகின் பின்பகுதியில், நம் நகத்தைப் போன்ற மேல்தகடு உரிந்து வெளிறிய எலும்பு தெரிந்தது. தொடாமல், நெருங்காமல், வெகுநேரம் நின்று பார்த்தேன். ஓடு என்பது ஆமை சுமக்கும் கல் அன்று, இராமலிங்கம். அது விலா எலும்புகளோடு சேர்ந்து வளர்ந்த உயிருள்ள உடம்பு, சூட்டையும் வலியையும் உணரும். தீயிலிருந்து காப்பது மண்தான். வேகமாகக் கடந்துபோகும் தீயின் வெப்பம் மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை என்பதால், பாறையிடுக்கிலும் மண்பள்ளத்திலும் ஒடுங்கியிருந்தவை பிழைத்திருக்கும்; புதரடிச் சருகில் வெயிலுக்கு ஒதுங்கியிருந்தவற்றுக்கு அந்தச் சருகே விறகாகியிருக்கும்.

பிழைத்தவற்றின் பாடும் எளிதன்று. நிழல் இல்லை, பல வாரங்களுக்குத் தீனி இல்லை, மறைய இடமில்லை. மே, ஜூனில் இட்ட முட்டைகள் பொரிவது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலுந்தான். அப்படி வெளிவந்த குஞ்சுகள் கண் விழித்தது வெறும் சாம்பலில், காகமும், காக்கையினத்தைச் சேர்ந்த மேக்பை என்னும் பறவையும் எளிதாகக் கண்டு கொத்தும்படி. ஒரு பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடையவே பத்து ஆண்டுகளுக்குமேல் ஆகலாம். இடுவதோ ஒரு தடவைக்குச் சில முட்டைகள். இந்த இனம் நிலைத்திருப்பது, பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து ஆண்டுதோறும் முட்டையிடும் முதிய பெண் ஆமைகளால்தான். கார்க் ஓக் மரங்கள் தடித்த பட்டையின் தயவால் இப்போதே துளிர்விடுகின்றன; அந்தப் பச்சையைப் பார்த்துக் காடு மீண்டுவிட்டது என்று பலர் மகிழ்கிறார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. 2003இலும் இந்த மோர் மலைப்பகுதி பெரிதாக எரிந்தது. இன்றைய குஞ்சு தாயாகும் முன் அடுத்த தீ வந்துவிட்டால் மரம் மறுபடி துளிர்க்கும், ஆமைக்கு அந்த வாய்ப்பு இராது.

மனிதர்களின் அவசரமும் எனக்குக் கவலை தருகிறது. கரிந்த மரங்களை அகற்ற வரும் கனரக இயந்திரங்களின் சக்கரம், தீயில் தப்பியதையும் நசுக்கிவிடும். இரக்கப்பட்டு ஆமையை வீட்டுக்கு எடுத்துப்போவதும் தவறுதான். தன் நிலத்தின் ஒவ்வொரு நிழலையும் ஓடையையும் அறிந்த உயிர் அது. அடுத்த தீயைத் தடுக்கப் புதர் வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஆமைகள் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் மாதங்களில், கைக்கருவிகளால் வெட்டலாமே.

ஏப்ரலில் அவை மீண்டும் நடமாடும்போது போய், முதுகு கருகிய அந்த ஆமையைத் தேடப்போகிறேன். கண்டால் அன்றே எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
சேகரன்