ரிட்டர்ன் லேபிள் ஏன் இன்னும் வரவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எடிசன், நியூ ஜெர்சி
2013

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக எங்கள் துணிக்கடைக்குக் கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்தும் லண்டனின் ஹாரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "அமெரிக்க அஞ்சல் துறை ஏதோ காசு கட்டிய ரிட்டர்ன் லேபிள் கொண்டுவருகிறதாமே, நீங்கள் ஏன் தரவில்லை?" வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப ஒட்டுகிற சீட்டுதான் அது, தபால் செலவு கடைக்காரருடையது. ஒரு அக்கா இன்னும் நேராகவே கேட்டுவிட்டார்: "எங்க தலையிலே கட்டிட்டு நீங்க மிச்சம் பிடிக்கிறீங்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதில் ஆளுக்கொரு துண்டுதான் போய்ச் சேர்ந்தது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் இது: இந்த 2013-இல் அந்தச் சேவையை ஒரு சோதனையாக நடத்திப் பார்க்க அமெரிக்க அஞ்சல் துறை திட்டமிட்டு, அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்திருக்கிறது. பரிசீலனை முடிந்து அது நடைமுறைக்கு வந்தாலும், எங்களைப் போன்ற கடைக்கு எட்டும் விலையில் வருமா என்பது தனிக் கதை. அதற்குக் கீழே வருகிறேன்.

இந்த ரிட்டர்ன் விவகாரத்தில் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்ல வேண்டும். கடை ஆரம்பித்த புதிதில் நான் ஒரு பெரிய அறிவாளித்தனம் செய்தேன். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் எங்கள் முகவரி எழுதிய உறை ஒன்றை மடித்து வைத்து, அதில் அமெரிக்க ஸ்டாம்புகளையும் வரிசையாக ஒட்டி அனுப்பினேன். பாவாடை அளவு சரியில்லையா, உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள், செலவு எங்களுடையது என்று பெருமையாக ஒரு சீட்டும் வைத்தேன். லண்டனில் ஒரு அம்மா அதை நம்பித் தபால் ஆபீஸ் வரிசையில் நின்றிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்பு அழகாக இருக்கிறது, ஆனால் இது இங்கே செல்லாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஒரு நாட்டின் ஸ்டாம்பு அந்த நாட்டில் தபாலில் சேர்க்கும் உறைக்குத்தான் செல்லும். பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மிச்சமிருந்த உறைகளில் ஆவி காட்டி ஸ்டாம்பைப் பிரித்தெடுக்கச் சித்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தார்.

அப்புறம் பன்னாட்டுப் பதில் கூப்பன் பற்றித் தெரிந்தது. 1907-லிருந்தே இருக்கும் ஏற்பாடு அது. நாம் இங்கே கூப்பன் வாங்கிக் கடிதத்துடன் அனுப்பினால், பெறுகிறவர் தன் ஊர்த் தபால் ஆபீஸில் அதைக் கொடுத்து அந்த ஊர் ஸ்டாம்பாக மாற்றிக்கொள்ளலாம். பேனா நண்பர்களுக்கும் ஸ்டாம்பு சேர்ப்பவர்களுக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு கூப்பனுக்குக் கிடைப்பது மிகக் குறைந்த எடையுள்ள ஒரு விமானக் கடிதத்துக்கான ஸ்டாம்பு மட்டும். அரைக் கிலோ பட்டுப் பாவாடைக்கு ஒரு கட்டுக் கூப்பன் வைக்க வேண்டும். 2013 ஜனவரியில் கட்டணங்கள் ஏறியபோது அமெரிக்க அஞ்சல் துறை அந்தக் கூப்பன் விற்பனையையும் நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கப்பல் தபால் 2007-லேயே போய்விட்டது. அதனால் 2013 நிலவரப்படி, நீங்கள் ஒரு பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் உங்கள் ஊர்க் கட்டணத்தை உங்கள் கையிலிருந்து கட்டி அனுப்புவதுதான் ஒரே வழி. போன மாதம் ஸ்கார்பரோவிலிருந்து திரும்பி வந்த ஒரு பாவாடையின் விலை 38 டாலர். தபால் செலவு 17 டாலர். பெட்டியைப் பிரித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது.

இப்போது பேசப்படும் சேவை இதைத் தலைகீழாக மாற்றப் பார்க்கிறது. விற்ற கடைக்காரர் பார்கோடு போட்ட லேபிளை அனுப்புவார். வாங்கியவர் அதை ஒட்டித் தன் ஊர்த் தபால் ஆபீஸில் கொடுத்தால் போதும், காசு எதுவும் கட்ட வேண்டாம். அந்த ஊர் அஞ்சல் துறை பார்சலை அமெரிக்காவுக்கு ஏற்றிவிடும். இங்கே வந்து இறங்கியதும் செலவு கடைக்காரர் கணக்கில் விழும். கேட்பதற்கு எளிது. ஆனால் லண்டனில் பார்சலை வாங்குகிற, வகை பிரிக்கிற, விமானத்தில் ஏற்றுகிற வேலையெல்லாம் பிரிட்டிஷ் அஞ்சல் துறையுடையது. அவர்களுக்கான பணத்தை அமெரிக்க அஞ்சல் துறை கொடுக்க வேண்டும், பிறகு எங்களிடம் வசூலிக்க வேண்டும். 1874-இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் இருக்கின்றன. சரக்கைத் திருப்பி அனுப்பும் சேவை அதன் விதிகளில் இருந்தாலும், விருப்பமுள்ள நாடுகள் மட்டும் சேர்ந்துகொள்ளலாம் என்ற வகையில்தான் இருக்கிறது. எனவே அமெரிக்கா தயார் என்றாலும் உங்கள் நாடும் தயாராக இருக்க வேண்டும்.

சரி, இதற்கு ஆணையம் எதற்கு, அஞ்சல் துறை தானே முடிவு செய்யக்கூடாதா என்று கேட்கலாம். நானும் முதலில் எரிச்சல்பட்டேன். பிறகு ஆணையத்தின் ஆவணங்களை இரவில் உட்கார்ந்து படித்தேன் (தூக்கம் வராதவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்).

இந்த ஆணையம் அஞ்சல் துறைக்குள் அடங்கியதில்லை, வெளியிலிருந்து அதைக் கண்காணிக்கும் தனி அமைப்பு. ஐந்து உறுப்பினர்கள், ஜனாதிபதி நியமிக்க, செனட் ஒப்புதல் தரும். 2013-இல் அதன் தலைவர் ரூத் கோல்ட்வே. 2006-இல் வந்த சட்டப்படி, அஞ்சல் துறை புதிய சேவை ஒன்றைச் சந்தையில் சோதித்துப் பார்க்க நினைத்தால், குறைந்தது 30 நாள் முன்பே ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். சோதனை 24 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. கேட்டால் இன்னும் 12 மாதம் கிடைக்கலாம். வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு: பொதுவாக ஆண்டுக்கு 1 கோடி டாலர், விலைவாசிக்கு ஏற்ப அது கூடும். பொதுமக்கள் சார்பில் பேசுவதற்கென்றே ஒரு அதிகாரியை ஆணையம் நியமிக்கிறது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். நாங்களும் எழுத நினைத்தோம், தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிய வாரம் என்பதால் விட்டுப்போயிற்று. அது எங்கள் சோம்பல்தான், மறைக்கவில்லை.

ஆணையம் என்னதான் பார்க்கிறது? இதற்கு முன் இருந்த எதிலிருந்தும் இது உண்மையிலேயே வேறுபட்ட சேவையா என்பது ஒன்று. இதனால் சந்தையில் யாருக்காவது, குறிப்பாகச் சிறு நிறுவனங்களுக்கு, நியாயமில்லாத அடி விழுமா என்பது இன்னொன்று. எனக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாவது. கடிதம் போடுவதில் அஞ்சல் துறைக்குப் போட்டியே கிடையாது. பார்சலிலோ கூரியர் கம்பெனிகளுடன் மல்லுக்கட்டுகிறது. கடிதத்தில் வரும் காசை எடுத்துப் பார்சலை மலிவாக்கக்கூடாது, போட்டியுள்ள ஒவ்வொரு சேவையும் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பது சட்டம். நியூ ஜெர்சியில் ஒரு பாட்டி ஸ்டாம்பு ஒட்டிப் போடும் கடிதம், ஹாரோவிலிருந்து எங்களுக்குத் திரும்பி வரும் பாவாடையின் செலவைச் சுமக்கக்கூடாது. 2012 நிதியாண்டில் 1,590 கோடி டாலர் நட்டம் கண்ட துறை அது. கணக்கைக் கறாராகக் கேட்பதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சேவையின் பெயரிலேயே வெளியிடப்படாத கட்டணம் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கை நிறுவனத்துடனும் அஞ்சல் துறை தனித்தனியாகப் பேசி விலை வைக்கும். அந்த எண்கள் முத்திரையிட்டு ஆணையத்திடம் மட்டும் போகும். பொதுப் பிரதியில் அந்த இடங்களைக் கருப்பாக்கிவிடுவார்கள். போட்டிக் கம்பெனி பார்த்துவிடக்கூடாது என்பது காரணம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாதம் ஐந்தாறு ரிட்டர்ன் பார்க்கும் எங்களுக்கு, ஒரு லேபிள் எட்டு டாலரா இருபது டாலரா என்று தெரியாமல் உங்களிடம் என்ன வாக்குக் கொடுப்பது? பழுதுபார்க்கவும் மறுசுழற்சிக்கும் வெளிநாட்டிலிருந்து பழைய பொருள்களைத் திரும்ப வரவழைக்கும் நிறுவனங்களுக்கு ஏற்கெனவே இதேபோன்ற ரகசிய விலை ஒப்பந்தங்கள் இருக்கின்றன. மூட்டை மூட்டையாக வருகிறவர்களுக்கு விலை இறங்கும். ஒற்றைப் பாவாடைக்கு இறங்குமா? சிறு நிறுவனத்துக்கு அடி விழக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அடி விழுகிறதா என்று அந்தச் சிறு நிறுவனமே பார்க்க வழியில்லை. இதைத்தான் கருத்தாக எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது சுங்கம். லேபிள் வந்தாலும் வராவிட்டாலும் இது இருக்கும். 2013 நிலவரப்படி, கனடாவில் 20 கனடிய டாலருக்கு மேல் போனால் வரி கேட்கிறார்கள், பிரிட்டனில் 15 பவுண்டு தாண்டினாலே வாட் (மதிப்புக் கூட்டு வரி) வருகிறது. சிட்னிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், 2013-இல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை கவலையில்லை. பொருளைத் திருப்பி அனுப்பினால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம்: கனடாவில் பி2ஜி (B2G) படிவம், பிரிட்டனில் பிஓஆர்286 (BOR286) படிவம். அதற்குப் பார்சல்மேல் ஒட்டி வந்த சுங்கக் கட்டணச் சீட்டும், திருப்பி அனுப்பிய தபால் ரசீதும் வேண்டும். பெட்டியைப் பிரித்த கையோடு அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முதலில் துணியைப் போட்டுப் பாருங்கள், பிறகு அட்டையை எறியலாம்.

திருப்பி அனுப்பும்போது படிவத்தில் "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள், சிலர் எழுதியே அனுப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். "திரும்பி வரும் சரக்கு" என்று எழுதி, எங்கள் பில்லில் உள்ள விலையையே போடுங்கள். 2013 விதிப்படி 200 டாலருக்குள் இருக்கும் பார்சல் அமெரிக்காவுக்குள் பொதுவாக வரியில்லாமல் வந்துவிடும், பொய் சொல்லத் தேவையே இல்லை. விலையைக் குறைத்துப் போட்ட ஒரு பார்சல் வழியில் தொலைந்து, இழப்பீடு கேட்கப் போனபோது படிவத்தில் இருந்த 5 டாலரைக் காட்டினார்கள். உள்ளே இருந்தது மாமியார் சேலை.

ஆணையத்தின் முடிவு வந்து, விலையும் தெரிகிற வரை எங்கள் ஏற்பாடு இது. தவறான பொருளோ கிழிந்த பொருளோ வந்திருந்தால், ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள், தபால் செலவு முழுவதையும் தந்துவிடுகிறோம். அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றால் செலவில் பாதி எங்களுடையது. இதுவரை முழுவதும் உங்களுடையதாக இருந்தது. 25 டாலருக்குக் கீழே உள்ள பொருளைத் திருப்பி அனுப்பவே வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள், இங்கிருந்து மாற்றுப் பொருள் வரும். இதில் யாராவது ஏமாற்றுவார்களே என்று தம்பி பயப்படுகிறான். சித்தி சொன்ன பதில்: "ஏமாத்திப் பிள்ளைக்குப் பாவாடை போட்டுட்டுப் போகட்டும்."

ரிட்டர்ன் ஆனவற்றை எடுத்து எண்ணிப் பார்த்தோம். பெரும்பாலும் 4 முதல் 7 வயதுப் பாவாடைகள், அதிலும் இடுப்பு சரியாக இருந்து உயரம் குறைந்தவை. வயதை வைத்து அளவு போட்டது எங்கள் தவறு. இனி வயதைக் கேட்க மாட்டோம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இன்ச் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். குழந்தை நேராக நிற்கும்போது அளக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டு ஒரு காலை மடித்து நிற்கும்போது எடுத்த அளவு ஒன்று வந்தது, இரண்டு இன்ச் குறைந்தது. அடியில் மூன்று இன்ச் மடிப்பு விட்டுத் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறோம், அடுத்த வருடம் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

இந்த 2013-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 2, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் அக்டோபர் 5-க்குள்ளும், கனடாவுக்கு 12-க்குள்ளும் ஆர்டர் தந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதையும் அனுப்புவோம், ஆனால் சுங்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று எங்களால் சொல்ல முடியாது.

அன்புடன்,
கடையிலிருந்து நானும், தம்பியும், பேக்கிங் மேசையிலிருந்து சித்தியும்