எஃப் 3 பிழைக்கு அளந்து பார்க்காமல் போர்டு மாற்றியது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். மேலே கேஸ் அடுப்பும் கீழே மின்சார ஓவனும் உள்ள உங்கள் நிறுவனத்தின் குக்கரைப் போன ஆண்டு ஈப்போவில் வாங்கினேன். இரண்டு ஆண்டு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. ஓவனைச் சூடாக்கினால் பாதியில் 'எஃப் 3' என்று காட்டி, விடாமல் கத்திவிட்டு நின்றுபோகிறது. உங்கள் ஆள் வந்து ஓவனை இயக்கும் கன்ட்ரோல் போர்டை மாற்றி, என்னிடம் 740 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார். பழுது அப்படியேதான் இருக்கிறது, ஏனென்றால் கெட்டுப்போனது போர்டே இல்லை. அந்தப் பணம் எனக்குத் திரும்ப வேண்டும், உண்மையான பழுதும் சரியாக வேண்டும்.

உங்கள் விளம்பரம் வானொலியில் தமிழில் வருகிறது. அதைக் கேட்டுத்தான் இந்தக் குக்கரை வாங்கினேன். அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். படித்துப் பதில் சொல்ல உங்களிடம் ஆள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எஃப் 3 முதலில் வந்தபோது உள்ளே கேக் இருந்தது. 180 டிகிரி வைத்திருந்தேன். நடுவில் சூடு நின்று கேக் அமுங்கிவிட்டது. உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். போட்டேன், போய்விட்டது. அடுத்த முறை ஓவன் நன்றாகச் சூடானதும் மறுபடி வந்தது. திரும்ப அழைத்தால் அதே பதில், வேறு ஆள் எடுத்தாலும் அதே பதில். எஃப் 3 என்றால் என்ன என்று கேட்டதற்கு, "அது டெக்னீஷியனுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்கள். அணைத்துப் போடுவது முதல் தடவைக்குச் சரி. கரண்ட் விட்டுவிட்டு வந்தால் போர்டு குழம்புவது உண்டு, அணைத்துப் போட்டால் தெளிந்துவிடும். ஆனால் சூடான பிறகுதான் ஒரு பிழை வருகிறது, ஒவ்வொரு முறையும் அப்படியே வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகும் அதையே சொல்லக் கூடாது.

அப்புறம் ஈப்போவிலிருந்து ஒரு தம்பியை அனுப்பினீர்கள். மரியாதையான பிள்ளை, அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அவர் குக்கரை முன்னே இழுக்கவில்லை, பின்பக்கத் தகட்டைக் கழற்றவில்லை, மின்சாரம் அளக்கும் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எண்ணைப் பார்த்தார், "அக்கா, மின்னல் அடிச்சு போர்டு போயிருக்கு" என்றார். மின்னல் என்றால் உத்தரவாதத்தில் சேராது என்றும் சொன்னார். புது போர்டு, வேலைக்கூலி, வெளியூர்க் கட்டணம் எல்லாம் சேர்த்து 740. ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான், அது எந்தக் கணக்கில் வெளியூர் என்று எனக்கு விளங்கவில்லை.

புது போர்டு போட்டு ஓவனைச் சூடாக்கினேன். எஃப் 3.

மின்னலால் பழைய போர்டு கெட்டது என்றால், புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த போர்டும் அதே பிழையை ஏன் காட்டுகிறது? இந்தக் கேள்வியை உங்கள் சேவை எண்ணில் கேட்டேன். இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா செம்பனை ஆலையில் மின்சார வேலைக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கரண்டை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், கேஸ் தோம்பை (சிலிண்டரை) மூடினார், அதற்குப் பிறகுதான் குக்கரில் கை வைத்தார். ஓவனின் பின்சுவரில் பென்சில் மாதிரி ஒரு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் வெப்ப சென்சர். அதற்குள் பிளாட்டினம் இருக்கிறது, சூடு ஏறினால் அதன் மின்தடையும் ஏறும். மின்தடையை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். பூஜ்ஜியம் டிகிரியில் 1,000 ஓம் காட்டும் வகை என்றால், நம் ஊர்ச் சூட்டில் 1,110 ஓம் சுற்றி இருக்கும், 180 டிகிரியில் கிட்டத்தட்ட 1,685 ஓமுக்குப் போகும். போர்டு இந்த ஓமைப் பார்த்துத்தான் ஓவன் எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்கிறது.

மாமா சென்சரைக் கழற்றி மீட்டரை வைத்தார், 1,115 ஓம். குச்சியைக் கையால் பொத்திப் பிடித்தார், எண் மெதுவாக மேலே ஏறியது. கையை எடுத்தார், இறங்கியது. சென்சருக்கு ஒன்றும் இல்லை. பிறகு அதே சென்சரை வயரில் மாட்டி, போர்டுப் பக்கத்து முனையில் அளந்தார். எண் வந்தது. வயரை லேசாக ஆட்டினார், எண் போய்விட்டது. மறுபடி ஆட்டினார், வந்தது. நடுவில் இருக்கும் வெள்ளை கனெக்டரைப் பிரித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி இருந்தது. இரண்டு பின்களில் ஒன்று கறுத்து, அதைக் கவ்வ வேண்டிய தகடு விரிந்து தளர்ந்து கிடந்தது. சூடு ஏறும்போது அது விலகுகிறது, போர்டுக்குப் போகும் இணைப்பு அறுகிறது. சூடு தெரியாத போர்டு, ஆபத்து வேண்டாம் என்று ஓவனை நிறுத்துகிறது. ஆக, பழைய போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைத்தான் கழற்றி எடுத்துப் போனீர்கள்.

அந்த வயர் ஓவனின் பின்தகட்டை ஒட்டியே போகிறது, கனெக்டரும் தகட்டிலேயே சாய்ந்திருக்கிறது. இதைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் தொழிற்சாலையில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். ஒரு கிளிப் போட்டு அதைத் தகட்டிலிருந்து தள்ளி வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றார் மாமா. இதே மாடலை வாங்கிய மற்ற வீடுகளிலும் இது நடக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பயனர் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன். நாசி லெமாக் சமைக்கக்கூட ஒரு பக்கம் இருக்கிறது, பிழை எண்களுக்கு ஒரு வரி இல்லை. எஃப் 3 என்றால் சென்சர் இணைப்பு அறுந்திருக்கிறது என்று மாமாதான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். அதுவும் உங்கள் போர்டைப் போட்டு வரும் வேறொரு மாடலின் சர்வீஸ் தாளில். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண்களின் பொருள் மாறுகிறது, அதனால் தெரிந்தவர்களிடம் கேட்டும் பயனில்லை. அதை நீங்கள்தான் அச்சிட்டுத் தர வேண்டும். இந்த ஊரில் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து, முதன்முதலாகச் சொந்தமாக ஓவன் வாங்கும் அம்மாக்கள் நிறையப் பேர். சார்ஜ்மேன் மாமா எல்லார் பக்கத்து வீட்டிலும் இருக்க மாட்டார். அவர்களிடமும் "மின்னல்" என்று சொல்லி 740 வெள்ளி வாங்கினால், அவர்கள் பேசாமல் கொடுத்துவிடுவார்கள். எனக்கு மனம் வலிப்பது அதுதான்.

நான் வீட்டில் கேக்கும் தீபாவளிக்கு நெய் பிஸ்கட்டும் செய்து விற்கிறேன். இந்த ஓவனை அதற்காகத்தான் வாங்கினேன். ஒப்புக்கொண்ட ஆர்டர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த நட்டத்தை உங்களிடம் நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவை. 740 வெள்ளியை முழுதாகத் திருப்பித் தாருங்கள். சென்சர் வயரையும் கனெக்டரையும் உத்தரவாதத்தின் கீழ், கட்டணம் இல்லாமல் மாற்றித் தாருங்கள். வருகிறவர் மீட்டரோடு வரட்டும், அளந்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். புது வயரைத் தகட்டில் படாமல் கட்டிவிட்டுப் போகட்டும். இந்த மாடலின் எல்லாப் பிழை எண்களுக்கும் பொருள் எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்து அச்சிடும் கையேட்டிலும் அதைச் சேருங்கள்.

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ஒரு சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 53-ஆம் பிரிவில் சொல்கிறது. அளந்து பார்க்காமல் போர்டு மாற்றியது அந்தக் கவனத்தில் சேராது. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடுவேன். அங்கே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். மாமா தான் அளந்ததைச் சொல்ல என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஆள் கொடுத்த ரசீது, உத்தரவாத அட்டையின் நகல், கறுத்த கனெக்டரின் படங்கள், மீட்டரில் எண் வந்து போவதைக் காட்டும் காணொளி ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கனெக்டரை நான் மாற்றவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து நேரில் பார்க்கலாம். வாரநாட்களில் காலையில் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்