மணலியில் இருந்து திருப்பூருக்கு ஒரு கடிதம்

திருவொற்றியூர்
14.9.2025

அன்புள்ள செல்வராஜ்,

குடோனில் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன, அமெரிக்க பையர் இப்போதைக்குச் சரக்கு வேண்டாம் என்கிறான், தையல் பெண்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று நீ எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘ரஷ்யாவில் எண்ணெய் வாங்கினதுக்கு என் பனியன் மேல அமெரிக்கா ஏன்டா வரி போடுது?’ என்று கேட்டிருக்கிறாய். 34 வருஷம் கச்சா எண்ணெயோடு கிடந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மணலி ரிஃபைனரி லேபில் சேர்ந்த புதிதில் சீனியர் ஒருவர் இரண்டு பாட்டில்களைத் திறந்து காட்டினார். நம் பம்பாய் கடலில் எடுக்கும் பம்பாய் ஹை கச்சாவில் வாடை அவ்வளவாக இல்லை. வளைகுடாக் கச்சாவில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பாட்டிலைச் சாய்த்தால் கண்ணாடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது. “இந்த மாதிரிக் கச்சாவை நம்பித்தான் ஆலையையே கட்டினாங்க” என்றார். 1965-இல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ எண்ணெய்க் கம்பெனியும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது அது. ஈரானின் டேரியஸ் என்ற வகைக் கச்சாவுக்கென்றே வடிவமைத்தார்கள். அமெரிக்காவும் ஈரானும் சேர்ந்து மணலியில் பணம் போட்ட காலம் ஒன்று இருந்தது, பார்த்துக்கொள். ஈரான் தரப்புக்கு இன்னமும் சுமார் 15 சதவீதப் பங்கு இருக்கிறது.

ஆனால் ஈரானிடம் யாரும் எண்ணெய் வாங்கக் கூடாது என்று தடை போட்ட அமெரிக்கா, நமக்கும் கொஞ்ச நாளைக்குக் கொடுத்திருந்த விலக்கு 2019 மே மாதம் முடிந்ததும் ஈரான் கச்சாவை இந்தியா அடியோடு நிறுத்திக்கொண்டது. நமக்கு அதிகம் விற்ற நாடுகளில் ஒன்று அது. முன்பு ஒரு தடவை தடையால் டாலரில் பணம் அனுப்ப வழியில்லாமல் நாம் திண்டாடியபோது ஒரு பகுதிப் பணத்தை ரூபாயிலேயே வாங்கிக்கொண்ட நாடு. கூட்டாளி வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிட்ட மாதிரி எனக்கு மனசு உறுத்தியது.

அன்றைக்குப் பணிந்தவர்கள், 2022-இல் உக்ரைன் போர் வந்து ரஷ்யாவை மேற்கு நாடுகள் ஒதுக்கியபோது ஏன் பணியவில்லை என்று நீ கேட்பாய். ஈரான் விட்ட இடத்தை சவூதியும் இராக்கும் நிரப்ப முடிந்தது. ரஷ்யா விற்பதை உலகமே ஒதுக்கினால் அந்த அளவுக்கு எண்ணெய் வேறு எங்கும் கிடையாது. அந்த மார்ச்சில் பேரல் 120 டாலரைத் தாண்டியதே நினைவிருக்கிறதா? தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியே வாங்குகிற நாடு, தள்ளுபடியில் வந்ததை எடுத்துக்கொண்டது. போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தபோது நாம் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றோம். அதற்கு ஆயுதம், பழைய உறவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எண்ணெய் வாங்கத் தொடங்கிய பிறகு அந்த மௌனத்தைக் கலைப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வாங்கியது தப்பென்று நான் சொல்லமாட்டேன். விலை ஏறியிருந்தால் முதலில் அடிபடுவது பஸ் டிக்கெட்டும் காய்கறியும்தான். என் கோபமெல்லாம், 1991-இல் பட்ட பிறகும் நாம் சுதாரிக்கவில்லையே என்பதுதான். குவைத் சண்டையில் எண்ணெய் விலை எகிறி, கையிருப்பு டாலர் கரைந்து, ஜனவரியில் ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நிதியத்திடம் கடன் வாங்கினோம். அதே சமயத்தில் அந்தச் சண்டைக்காகப் பறந்த அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயிலும் நம் மெட்ராஸிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போயின. அணிசேராக் கொள்கை பேசிய நாட்டில்! கேன்டீனில் அன்றைக்கு நாங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குதிரில் நெல் இருக்கிறவன்தான் வியாபாரியிடம் பேரம் பேசுவான். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்று இடங்களிலும் பாறைக்குள் குடைந்து வைத்திருக்கும் அவசரச் சேமிப்பின் மொத்தக் கொள்ளளவே 53.3 லட்சம் டன்தான். முழுக்க நிரப்பினாலும் பத்து நாளைக்குக் காணாது. கம்பெனிகளிடம் தனியாக இருப்பு உண்டு, ஆனாலும் போதாது. ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா கூடுதலாக 25 சதவீதம் போட்டு வரியை 50 ஆக்கியபோது, டில்லியில் இருப்பவர்களுக்கு எண்ணெயை விடுவதா, ஏற்றுமதியை விடுவதா என்ற இரண்டே வழிதான் இருந்தது. உன் குடோன் அதில் மாட்டிக்கொண்டது.

உன் பையன் இங்கிலாந்து பையர்களைப் பார்க்கக் கிளம்புகிறான் என்று எழுதியிருந்தாயே, போகட்டும். ஜூலையில் அந்த நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, அமலுக்கு வர நாளாகலாம். அதுவரைக்கும், ஊருக்குப் போன பெண்களுக்குத் தீபாவளிக்கு ஏதாவது கொடுக்கப் பார். என்னிடம் கொஞ்சம் பணம் சும்மா கிடக்கிறது, வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள்.

உன்,
ராமலிங்கம்