பொங்கலுக்கு எங்கே தங்குவது

குன்னூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. இங்கே நாங்கள் நலம். மகள் கோவையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் மலையேறி வருகிறீர்கள் என்றதும் அவ்வளவு சந்தோஷம். எங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் சாலையிலிருந்து செங்குத்தான படிகள், அம்மாவால் ஏற முடியாது.

சரி, ஊட்டி சேரிங்கிராஸ் பக்கத்துப் பெரிய ஹோட்டலா, நான் சொன்ன குன்னூர்ப் பழைய பங்களாவா என்று கேட்டிருக்கிறாய். பங்களாவுக்கே வா.

ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்தரை வெள்ளை வெளேரென்று இருக்கும். குன்னூர் ஏறக்குறைய 400 மீட்டர் கீழே இருப்பதால் குளிர் அந்த அளவுக்குப் போகாது. மூட்டு வலிக்காரருக்கு இது பெரிய விஷயம்.

பெரிய ஹோட்டலில் லிஃப்ட் உண்டு, எந்நேரமும் வெந்நீர் வரும், பசித்த நேரத்தில் சாப்பாடு கிடைக்கும். ஒரு ராத்திரிதான் என்றால் அங்கேயே போ என்பேன். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் ஊட்டிக் கடைவீதியான கமர்ஷியல் ரோட்டைக் கடக்கவே பாதி நாள் போய்விடும். அம்மா அறையிலேயே டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பங்களாவில் ஆறே அறைகள். ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்றுக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும், இன்னொன்றில் பழைய குளியல் தொட்டியில் பெரணி வளர்த்து வைத்திருக்கிறார்கள். மரத்தரை நடந்தால் கிரீச்சிடும். சமைக்கிற படுகர் அம்மா வைக்கும் அவரைக் குழம்புக்காகவே நான் அவ்வப்போது அங்கே போவதுண்டு. உன் அம்மா அவரோடு திண்ணையில் உட்கார்ந்து டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டுமாகப் பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. அம்மாவுக்கு இப்போது தேவை அந்தப் பேச்சுத்துணைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பங்களாவுக்குப் போன் பண்ணும்போது இதையெல்லாம் கேட்டுக்கொள். வாசல் கேட்டை ஒட்டி, படி இல்லாத அறை இரண்டு இருக்கின்றன, அதில் ஒன்று வேண்டும் என்று சொல். வெந்நீர் விறகு பாய்லரில் காலையில் மட்டும்தான், சாயங்காலம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்புறம், எங்கே தங்கினாலும் சரி, குளிருகிறது என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதே. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. கம்பளி இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்.

குன்னூரிலேயே இறங்கினால் மலை ரயில் பயணம் பாதியில் போய்விடுமே என்றும் கவலைப்படாதே. ஏற்றத்தில் ரயில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல் எஞ்சின். மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறினால், பாதையின் அழகான பகுதியைப் பார்த்துவிட்டு இங்கேயே இறங்கிவிடலாம். ஊட்டிக்கு ஒரு நாள் போய்வந்தால் போதும். ரயிலில் வந்தால் நீலகிரிக்குள் வண்டி வருவதற்கான இ-பாஸும் வேண்டாம், காரில் வருவதாக இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும்.

ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முதலில் அதைப் போட்டுவிட்டு எனக்குத் தேதியைச் சொல். ஸ்டேஷனுக்கு நானே ஆட்டோவோடு வந்து நிற்கிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ராஜு