டிவி ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்து

கோயம்புத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சங்கரா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியவளுக்கு அரசுக் கல்லூரியிலேயே இயற்பியல் கிடைத்துவிட்டது. வாத்தியார் இன்னும் அந்தப் பணத்தைத் தரவில்லை. கேட்டால் உன்னைக் கைகாட்டுகிறார். அதை நீயே பேசித் தீர்த்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனஸில் 35,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறாய், பண்டிகைத் தள்ளுபடியில் 55 இன்ச் டிவி போடப் போகிறாய், "நீ என்ன சொல்றே?" என்று ஒரு வரி. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ பாதியிலேயே "சரிடா, சரிடா" என்று வைத்துவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்கிறேனே! அந்த டெக் வாடகை விவகாரத்தில் என்ன நடந்தது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் பட்டனை அமுக்கு.

டிவி வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

உன் ஹாலில் சோபாவிலிருந்து டிவிக்குப் பத்தடி இருக்கும். சராசரிக் கண்ணால், கோணத்தில் சொன்னால், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைக்கும்தான் பிரித்துப் பார்க்க முடியும். அந்தக் கணக்குப்படி உன்னிடம் இருக்கிற 43 இன்ச் ஃபுல் எச்டி டிவியில், ஐந்தரை அடியைத் தாண்டிவிட்டால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. நீ ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாய். 55 இன்ச்சில்கூட ஏழடிக்கு மேலே போய்விட்டால், நாலு மடங்கு புள்ளிகள் உள்ள 4கேவுக்கும் ஃபுல் எச்டிக்கும் கூர்மையில் வித்தியாசம் காண்பது கஷ்டம். படம் பெரிதாகும், அது சந்தோஷம்தான், நான் மறுக்கவில்லை. நல்ல எச்டிஆர் இருந்தால் நிறமும் வெளிச்சமும் மாறும். ஆனால் உன் வீட்டில் குறை படத்தில் இல்லை. போன மாதம் வந்திருந்தபோதே சொல்லியிருப்பேன், உன் மச்சான் குடும்பம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது, கீழே இங்கிலீஷ் சப்டைட்டில். நம்ம ஊர்ப் பேச்சை நாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தோம். நீ ரிமோட்டைக் கையை விட்டு இறக்கவே இல்லை. பேசினால் கூட்டுகிறாய், சண்டை வந்தால் குறைக்கிறாய். உன் அப்பா ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். "என்னப்பா சொன்னான்?" என்று உன் சின்னவனைக் கேட்டார். அவன் சொன்னான். திரும்பக் கேட்டார், சொன்னான். அதற்கு அடுத்த முறை "அப்புறம் சொல்றேன் தாத்தா" என்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, மோட்டாரைப் பார்த்துட்டு வரேன் என்று எழுந்து போனார். மோட்டார் சாயங்காலமே நின்றுவிட்டது சங்கரா. படம் முடிகிறவரை திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

நம் இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் வைத்து டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போனவர் அவர். என்னை முன்னால் பாரில், உன்னைப் பின்னால் கேரியரில். திரும்பி வரும்போது படத்தின் வசனத்தை முழுசாக ஒப்பிப்பார், வில்லனுக்கு ஒரு குரல், அம்மாவுக்கு ஒரு குரல். அந்த மனுஷன் வசனம் புரியாமல் எழுந்து போகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த 35,000-ஐ யோசி.

வயதானால் காதில் முதலில் மங்குவது மேல் ஸ்தாயி ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் கீழே இருக்கிறவை, அவை கேட்கும். ச, த, ப, க மாதிரி மெய்யெழுத்துகளுக்கு அடையாளம் தருகிற ஒலி பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, பலமும் குறைவு. அதனால்தான் பெரியவர்கள் "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்பார்கள். வால்யூமைக் கூட்டினால் சத்தம் கூடும், தெளிவு கூடாது.

5.1 படத்தில், அதாவது ஆறு தனித்தனிச் சத்தத் தடம் உள்ள படத்தில், பேச்சு ஏறக்குறைய முழுதும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். உன்னிடம் நல்ல ரிசீவர் இருக்கிறது, சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்புகிற பெட்டி. இடமும் வலமும் நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது. நடுவில் மட்டும் அந்தப் பழைய டிவிடி செட்டோடு வந்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மூணு இன்ச் ஸ்பீக்கர். அதையும் டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டி, செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய். படத்திலேயே முக்கியமான வேலையை வீட்டிலேயே மோசமான ஸ்பீக்கரிடம் கொடுத்திருக்கிறாய்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், இன்றைக்கே ஒரு சோதனை பண்ணிப் பார். செலவு கிடையாது. ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் அமைப்புக்குப் போ. சென்டர் என்ற இடத்தில் "நன்" (None, நடு ஸ்பீக்கர் இல்லை) என்று வை. அப்போது நடுவில் வரவேண்டிய பேச்சை ரிசீவர் இடத்துக்கும் வலத்துக்கும் பிரித்து அனுப்பும். சோபாவின் நட்ட நடுவில் உட்கார்ந்து, அன்றைக்குப் புரியாத அதே காட்சியைப் போடு. பேச்சு பளிச்சென்று வந்தால் குற்றவாளி அந்த டப்பாதான். அப்படியே எழுந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அதே காட்சியைக் கேள். பேச்சு டிவியை விட்டு நகர்ந்து, பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து வரும். எது முதலில் காதுக்கு வருகிறதோ அந்தப் பக்கம்தான் மனசு திரும்பும். ஓரத்தில் உட்காருகிறவருக்கு நடு ஸ்பீக்கர் ஏன் கட்டாயம் வேண்டும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. டிவியில் சவுண்ட் அவுட்புட் "பிசிஎம்" என்று இருந்தால் ரிசீவருக்கு ஸ்டீரியோதான் போய்க்கொண்டிருக்கும்; அதை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூவில் (வந்த சத்தத்தை அப்படியே அனுப்புவது) வை. நடு ஸ்பீக்கரைத் தட்டின் முன் விளிம்புக்கு இழுத்து, முன்பக்க அடியில் ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைக் காதைப் பார்த்துத் தூக்கு. பக்கத்து ஸ்பீக்கர்களை விட அதை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிக்கொள். ராத்திரியில் நைட் மோடு போடு, உரத்த சத்தத்தை அடக்கி மெல்லிய பேச்சை மேலே கொண்டுவரும், ரிமோட்டுக்கு வேலை பாதியாகும்.

அப்புறம் ஹால். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார். ணங் என்று இழுக்கும். கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் வழுவழுவென்று பெயின்ட் அடித்த சுவர். ஒரு எழுத்து அடங்குவதற்குள் அடுத்த எழுத்து அதன் மேல் வந்து விழுகிறது. தங்கச்சி கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய அந்தத் தடித்த ஜமுக்காளம் பரண் மேல் கிடக்கிறதே, அதை இரண்டாக மடித்து டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் விரி. ஜன்னலுக்குக் கனமான துணியில் மடிப்பு நிறைய வைத்துத் திரை போடச் சொல். தையல்காரரிடம் நான் சொன்னேன் என்று சொல்லு, செய்வார். தங்கமுலாம் பூசிய ஒரு எச்டிஎம்ஐ கேபிளை நீ ஆசையாகப் பார்த்தாயே, அது வேண்டாம். டிஜிட்டல் கேபிளில் சிக்னல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் முலாம் எதையும் கூட்டாது, பேசாமல் விடு.

இனி பணம். முதல் செலவு நடு ஸ்பீக்கர். உன் இட வல ஸ்பீக்கர் எந்தக் கம்பெனி, எந்த வரிசையோ அதே வரிசையில் வாங்கு. வேறு கம்பெனி என்றால் கார் இடமிருந்து வலம் ஓடும்போது நடுவில் அதன் சத்தம் மாறிவிடும். உன் பட்ஜெட்டில் பாதிக்குள் நல்லதாகவே கிடைக்கும்.

ஆனால் ஒன்று, கவனமாகக் கேள், கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். கடையில் இருக்கிற நடு ஸ்பீக்கர்களில் நிறைய ஒரே அச்சு. நடுவில் மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டர், இரண்டு பக்கமும் கீழ் ஸ்தாயிக்கான ஒரே மாதிரி வூஃபர், படுக்கைவாட்டில். நேர் எதிரே உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு வூஃபர் கிட்டே, ஒன்று தள்ளி. இரண்டின் மையத்துக்கும் இடையே 25 சென்டிமீட்டர் என்று வை. 30 டிகிரி ஓரத்தில் இருப்பவருக்கு இரண்டிலிருந்தும் வரும் தூரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசப்படும். அது 1,400 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சரியாக அரை அலை. ஒன்று முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேச்சின் தெளிவு இருக்கிற இடத்தில் ஒரு பள்ளம் விழும். அப்பாவின் நாற்காலி ஏறக்குறைய அந்த 30 டிகிரியில்தான் கிடக்கிறது. புது ஸ்பீக்கர் வாங்கியும் அவருக்கு மட்டும் புரியாமல் போனால் எனக்கு மனசு ஆறாது.

இதற்கு வழி இருக்கிறது. ட்வீட்டருக்கு நேர் கீழே சின்னதாக, நடு ஸ்தாயிக்கென்று ஒரு மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் வைத்த மூன்று வழி மாடல்கள் வருகின்றன, ஓரத்துக்கும் ஒழுங்காகப் பேசும். விலை ஏறும். இல்லாவிட்டால் உன் புக்ஷெல்ஃப் மாதிரியே ஒற்றை ஸ்பீக்கர் கிடைத்தால் அதை நிமிர்த்தி டிவிக்கு அடியில் வைக்கலாம், என் கணக்கில் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஜோடியாகத்தான் விற்பார்கள், கெஞ்சிப் பார்க்கலாம், பழையது ஒற்றையாகவும் கிடைக்கும். எதுவும் நடக்கவில்லையென்றால் நாற்காலியைச் சோபாப் பக்கம் இரண்டடி நகர்த்து, பள்ளம் வேறு இடத்துக்குப் போய்விடும். ஜன்னல் காற்றை விட்டு வர மாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

மீதிப் பணத்தில் புது சப்வூஃபர், அந்தக் கீழ் ஸ்தாயி முழக்கப் பெட்டி, வாங்க மனசு துடிக்கும். பத்து இன்ச் பவர்டு மாடல் வாங்கினால் சந்தோஷப்படுவேன், ஆனால் அடுத்த ஆண்டு. இப்போது இருப்பதையே மூலையிலிருந்து வெளியே இழு. உன் ஹால் நீளம் பதினாலடி என்றால் 40 ஹெர்ட்ஸ் அருகே அறையே சேர்ந்து முழங்கும், மூலையில் வைத்தால் அது உச்சத்துக்குப் போகும். கீழ் ஸ்தாயி முழக்கம் மேலே இருக்கிற பேச்சை மூடிவிடும். அதனால்தான் சண்டைக் காட்சிக்கு நடுவில் யாராவது பேசினால் உதடு மட்டும் அசைகிறது.

ரிசீவரை மாற்றும் யோசனையை விட்டுவிடு. இரண்டு மடங்கு வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். பேச்சுக்கு நீ சாதாரணமாகச் செலவழிப்பது ஒன்றிரண்டு வாட். சின்னவன் அட்மாஸ் என்று நச்சரிக்கிறானாமே. பேச்சு புரியாத வீட்டில் மழைச் சத்தம் தலைக்கு மேலே கேட்டு என்ன செய்ய? அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று, இது ஸ்பீக்கரை விட முக்கியம். அப்பாவை ஒரு நாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போய் கேட்கும் திறன் சோதனை எடுத்துவிடு. சில சமயம் வெறும் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்தால் சரியாகிவிடும். காது மெஷின் வேண்டும் என்றால் தள்ளிப்போடாதே. கேட்காமல் போகப் போகப் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துவிடுவார்கள், வீட்டில் அது யாருக்கும் தெரிவதில்லை. அவர் "எனக்கென்ன, நல்லாத்தானே கேக்குது" என்பார். சண்டை போடாதே, என் பெயரைச் சொல், ஒரு எட்டு நானே வந்து கூட்டிப்போகிறேன். டிவியை அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கொள், அதற்குள் விலையும் இறங்கியிருக்கலாம், உன்கூட நானே கடைக்கு வருகிறேன்.

அந்த "நன்" சோதனையில் என்ன நடந்தது என்று சோபாவுக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் தனித்தனியாக எழுது. அதோடு ஸ்டாண்டின் மேல்தட்டிலிருந்து டிவியின் கீழ் விளிம்பு வரை எத்தனை இன்ச், தட்டின் ஆழம் எத்தனை இன்ச் என்று டேப் வைத்து அளந்து அனுப்பு, குத்துமதிப்பாகச் சொல்லாதே. அந்த அளவு தெரிந்தால்தான் ஒற்றை ஸ்பீக்கரை நிமிர்த்தி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க முடியும். சனிக்கிழமை காந்திபுரம் போகிறேன், அதற்குள் வந்து சேரட்டும்.

அப்பாவுக்கு என் வணக்கம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
மூர்த்தி