செல்விக்கு, நியூ ஆர்லியன்ஸிலிருந்து

அன்புள்ள செல்விக்கு,

நான் ஊர் சுற்றக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு நான்கு ஊரிலும் எடுத்துப் படித்துவிட்டேன். இப்போது நியூ ஆர்லியன்ஸில், தங்கியிருக்கும் ஹாஸ்டலின் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. எதிரே ஒரு பையன் அரைத் தூக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான்.

“இந்த வயதில் உன்னை எந்த ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டார்கள்?” என்று கேட்டிருந்தாய். நமக்கு ஹாஸ்டல் என்றால் பாளையங்கோட்டையில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்தோமே, அதுதான் ஞாபகம் வரும். இங்கே ஹாஸ்டல் என்பது வழிப்போக்கர் தங்குகிற இடம். காசு வாங்குகிற சத்திரம் என்று வைத்துக்கொள். அறைக்கு வாடகை கிடையாது, படுக்கைக்குத்தான் வாடகை. ஆறு பேர், எட்டுப் பேர் படுக்கிற அறையில் ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாகக் கட்டில்கள். விரிப்பும் தலையணை உறையும் அவர்களே தந்துவிடுகிறார்கள், பூட்டு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். கட்டிலை ஒட்டி ஒரு லாக்கர் இருக்கும். பாஸ்போர்ட், பணம் எல்லாம் அதற்குள் வைத்துப் பூட்டிவிடலாம். பெண்களுக்கென்று தனி அறைகள் உண்டு. நான் போன இடங்களில் வயதை யாரும் கேட்கவில்லை.

இந்த யோசனை உன்னைப்போல ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்குத்தான் முதலில் தோன்றியிருக்கிறது, தெரியுமா? ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்பவர் 1909-இல் தன் வகுப்புப் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப்போனார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு, வகுப்பறையில் வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சும்மாதானே கிடக்கின்றன, ஊருக்கு ஊர் இப்படி இடம் கொடுத்தால் என்ன என்று அந்த ராத்திரி அவருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் 1934-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டில் முதல் ஹாஸ்டலைத் திறந்த இசபெல், மன்ரோ ஸ்மித் தம்பதியும் ஆசிரியர்கள்தான்.

நியூயார்க்கில் ஐந்து நாள் இருந்தேன். மகள் நியூ ஜெர்சியிலிருந்து தினமும் போய் வந்தால் போதும் என்றாள். எனக்கு அந்த ஊரில் தூங்கி எழுந்திருக்க ஆசை. ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில், 103-ஆம் தெரு பக்கம், சிவப்புச் செங்கல்லில் பெரிய பழைய கட்டடம். 1883-இல் கட்டியது. எதற்காகக் கட்டினார்கள் என்று படித்தபோது ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆதரவில்லாத வயதான பெண்களுக்கான இல்லமாம் அது! பிறகு பாழடைந்து, இடிக்கிற நிலைக்குப் போய், 1990-இல் ஹாஸ்டலாக மறுபிறவி எடுத்திருக்கிறது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட். சுதந்திர தேவி சிலை நிற்கிறதே, அந்தப் பீடமும் அவர் கைவண்ணம்தான். ஸ்டேட்டன் தீவுக்குப் போகிற படகில் டிக்கெட்டே இல்லை, இருபத்தைந்து நிமிஷப் பயணம். ஒரு சாயங்காலம் அதில் ஏறி, சிலையைவிட அந்தப் பீடத்தையே பார்த்துக்கொண்டு போனேன். அதே கை போட்ட கூரையின் கீழ்தானே ராத்திரி படுக்கப் போகிறேன் என்று அவ்வளவு சந்தோஷம்.

ஹாஸ்டலில் எனக்கு மிகவும் பிடித்தது சமையலறைதான். ஃபிரிட்ஜைத் திறந்தால் ஐம்பது அறுபது காகிதப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, அதில் பெயரும் ஊரைவிட்டுக் கிளம்பும் தேதியும். தேதி தாண்டிவிட்டால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பக்கத்திலேயே ஒரு அலமாரி. கிளம்புகிறவர்கள் மிச்சம் மீதியை அதில் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பாதி எண்ணெய்ப் புட்டி, உப்பு, கொஞ்சம் பாஸ்தா, யாரோ அடியில் இரண்டு கரண்டி விட்டுவைத்த தேன். முதல் நாள் அதில் கை வைக்கக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் அங்கிருந்து அரிசி எடுத்து வடித்து, எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கி வந்து, நான் கொண்டுபோன கடுகு, கறிவேப்பிலைப் பொடி போட்டுத் தாளித்தேன். கடுகு வெடித்ததும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கொரியப் பெண் பக்கத்தில் வந்து நின்று, இன்னொரு தடவை வெடிக்க வைக்க முடியுமா என்று கேட்டாள். எட்டுப் பேர் சேர்ந்து அந்தச் சாதத்தைச் சாப்பிட்டோம். கிளம்பும்போது மீதிக் கடுகை அந்த அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ரயில். நியூயார்க்கிலிருந்து மத்தியானம் கிளம்பினால் மறுநாள் காலை சிகாகோ. இடது பக்கம் உட்கார வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஹட்சன் ஆறு ஜன்னலை ஒட்டியே வருகிறது. இருக்கை நன்றாகச் சாய்கிறது, கால் நீட்டிக்கொள்ளலாம். ராத்திரி குளிர் மட்டும் தாங்காது, சால்வை அவசியம்.

சிகாகோவில் நான் தங்கிய இடத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய கட்டடம். அந்தத் தெருவுக்கு இப்போது அவர் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். பேச்சைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அதற்கு முந்தின ராத்திரிகளைப் பற்றித்தான் நான் அங்கே நினைத்துக்கொண்டேன். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய் வசூலித்துக் கொடுத்த பணத்தில் வந்தவர். சிகாகோவில் ரயிலைவிட்டு இறங்கினால் போக வேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டார். ராத்திரி சரக்கு நிலையத்தில் ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். காலையில் பசியோடு வீடு வீடாகப் போய்க் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். அலுத்துப்போய்த் தெருவோரம் உட்கார்ந்தவரை எதிர்வீட்டு ஹேல் அம்மையார் பார்த்து, உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டுக் கதவும் திறக்காமல் போயிருந்தால் என்று யோசித்துப் பார்.

ஹாஸ்டல் இருக்கிற சாலைக்கு ஐடா பி. வெல்ஸ் என்று பெயர். கறுப்பினப் பத்திரிகையாளர். அவரும் அதே 1893-இல் சிகாகோவில் இருந்திருக்கிறார். அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் தம் மக்களை ஒதுக்கியதைக் கண்டித்துச் சிறு புத்தகம் அச்சிட்டு விநியோகித்தார். அதற்குப் பத்து வருடம் முன்பு மெம்பிஸ் பக்கம் ரயிலில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த பெண்கள் பெட்டியிலிருந்து அவரை இழுத்து இறக்கினார்கள். இருபத்தொரு வயதுப் பெண். ரயில் கம்பெனிமேல் வழக்குப் போட்டு 500 டாலர் ஜெயித்தார். 1887-இல் மேல் கோர்ட்டு அதையும் ரத்து செய்துவிட்டது. சிகாகோவிலிருந்து ராத்திரி எட்டு மணி வாக்கில் நான் ஏறிய ரயில் அந்த மெம்பிஸுக்குத்தான் போகிறது. என் இருக்கையை யாரும் கேட்கவில்லை. வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மெம்பிஸைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

விடியற்காலையில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், லொரைன் மோட்டல் அவ்வளவு பக்கம். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 சாயங்காலம் சுடப்பட்ட இடம். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்து தங்கியிருந்தார். 306-ஆம் எண் அறையின் வெளித்தாழ்வாரத்தில் ஒரு மலர்வளையம் தொங்குகிறது. கீழே அந்தக் காலத்துக் கார்கள் இரண்டு. இப்போது அது மனித உரிமைப் போராட்டங்களின் மியூசியம். கண்ணாடி வழியாக அந்த அறைக்குள் பார்க்கலாம். கலைந்த கட்டில், காபிக் கோப்பைகள். எழுந்து போனவர் இப்போது திரும்பி வருவார் என்பதுபோல இருக்கிறது.

கறுப்பின மக்கள் வெளியூர் போனால் ராத்திரி தங்க எங்கே இடம் கிடைக்கும் என்று சொல்வதற்கென்றே ஒரு புத்தகம் இருந்திருக்கிறது, செல்வி. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் ஆரம்பித்து, அவருக்குப் பின்னும் 1966 வரை வந்தது. ‘கிரீன் புக்’ என்பார்கள். ஊர் வாரியாக எந்த ஓட்டல், எந்த வீடு, எந்தப் பெட்ரோல் பங்க் என்று பட்டியல். அதில் இல்லாத கதவைத் தட்டினால் அவமானம், சில ஊர்களில் உயிருக்கே ஆபத்து. லொரைன் அந்தப் பட்டியலில் இருந்த மோட்டல். நடத்தியவர்கள் வால்ட்டர் பெய்லி, லோரி பெய்லி தம்பதி. லொரைன் என்ற பெயரே அந்த அம்மாவை வைத்து வந்ததுதான். கிங் சுடப்பட்ட அன்றே லோரிக்கு மூளையில் ரத்தக்கசிவு. கிங்கை அடக்கம் செய்த நாளில் அந்த அம்மாவும் போய்விட்டார். அப்புறம் அந்த அறையைக் கணவர் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. நான் நின்ற இடத்தில் ஒரு தாய், ஏழெட்டு வயதுப் பையனிடம் குனிந்து மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் ரயிலில் சதுப்பு நிலங்களையும் பெரிய ஏரியோரத்தையும் தாண்டி நியூ ஆர்லியன்ஸ் வந்தேன். முன்பே பணம் கட்டியிருந்த ஹாஸ்டலில், உன் பெயரில் பதிவே இல்லை, பெண்கள் அறை நிறைந்துவிட்டது என்று கை விரித்துவிட்டார்கள். ரசீதைக் காட்டினேன், அதற்கும் அசையவில்லை. சாயங்காலம் ஆறு மணி, புழுக்கம், தோளில் பை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் இந்தக் கதவு இல்லையென்றால் இன்னொரு கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் மெம்பிஸில் யாரைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தேனோ, அந்தக் கறுப்பினப் பயணிகளுக்கு அந்த நிச்சயம் இருந்ததில்லை. அரை மணியில், அங்கே தங்கியிருந்த ஒரு பெண் தன் போனிலேயே தேடி, கேனல் தெருப் பக்கம் இன்னோர் இடத்தில் படுக்கை பிடித்துக் கொடுத்தாள். டிராம் வரை கூடவே வந்து ஏற்றியும் விட்டாள். ஊர் எது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சரி, நல்ல சேதிக்கு வருகிறேன். இந்த ஊரில் காபியில் சிக்கரி கலக்கிறார்கள்! நதிக்கரைச் சந்தையில் 1862 முதல் இருக்கிற கஃபே டு மோண்ட் என்ற கடை. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம். உள்நாட்டுப் போரில் துறைமுகத்தை மறித்து, காபிக்கொட்டை வராமல் போன காலத்தில் இன்னும் வேரூன்றிவிட்டதாம். டிகாக்‌ஷனும் சூடான பாலும் பாதிக்குப் பாதி. முதல் வாயிலேயே நாக்கின் பின்பக்கம் அந்தக் கசப்பு, அப்புறம் பால். உன் அம்மா பித்தளை ஃபில்டரில் இறக்கித் தந்த காபி. மூன்று வாரமாக இந்த நாட்டுக் காபியில் கிடைக்காதது. இரண்டு கோப்பை குடித்தேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி. “பகல் எப்படியோ போய்விடுகிறது, ராத்திரிதான்.” அதற்கு மேல் நீ எழுதவில்லை. அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தப் பெரிய வீட்டில் நீ விளக்கைப் போட்டுக்கொண்டே படுக்கிறாய் என்று உன் மகன் என்னிடம் சொன்னான். இங்கே ராத்திரி நடுவில் விழித்துக்கொண்டால் ஏழு பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். யாரென்றே தெரியாது. ஒருத்தி தூக்கத்தில் ஏதோ பாஷையில் முனகுவாள். கீழ்க்கட்டிலில் ஒருத்தி புரண்டால் என் கட்டிலும் லேசாக ஆடும். பாளையங்கோட்டையில் நீ கீழே, நான் மேலே படுத்திருந்தபோது ஆடுமே, அந்த ஆட்டம்தான். ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான் நினைத்தேன். அதனால்தான் கேட்கிறேன், அடுத்த வருடம் என்னோடு வா.

மேற்குப் பக்கம் போகலாம். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் வரை இரண்டு ராத்திரி ரயில். 3,900 கிலோமீட்டர், ராக்கி மலைக்குள் பத்துக் கிலோமீட்டர் சுரங்கம், அப்புறம் கொலராடோ ஆற்றோடு வெகுதூரம். இறங்கிக் கடற்கரையோடு தெற்கே போனால் பிஜியன் பாயிண்ட் என்று ஒரு கலங்கரை விளக்கம், 115 அடி உயரம், 1872-இல் விளக்கேற்றியது. அதன் காலடியில் கடலோரக் காவல் படைக்காரர்களின் குடும்பங்கள் இருந்த வீடுகளை ஹாஸ்டலாக்கியிருக்கிறார்கள். உன் முட்டிக்குப் படியேற்றம் வேண்டாம், கீழ்க்கட்டில் கேட்டு வாங்கிவிடுவேன்.

பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்று பார்த்து உடனே எழுது. விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கச் சென்னையில் நாளாகும். பூட்டு நீ வாங்க வேண்டாம், இங்கேயே உனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். சாவி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

அன்புடன்,
காந்திமதி