வாட்ச்டாக்கை எங்கே புதுப்பிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் வந்த மைக்ரோகன்ட்ரோலர் கட்டுரையைப் படித்தேன். குறித்த காலக்கெடுவுக்குள் நிரல் புதுப்பிக்காவிட்டால் சிப்பை மறுதொடக்கம் (ரீசெட்) செய்யும் வாட்ச்டாக் டைமரின் தேவையைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருந்தார். ஆனால், அவர் தந்திருந்த மாதிரி நிரல் டைமர் இன்டரப்டுக்குள் (முதன்மை நிரலை இடைமறித்து, குறித்த இடைவெளிகளில் தானாக ஓடும் சிறு நிரலுக்குள்) வாட்ச்டாக்கைப் புதுப்பிக்கிறது. மாணவர்கள் அதை அப்படியே எடுத்தாளக்கூடும் என்பதால் இக்கடிதம்.

சென்சாரிடமிருந்து வராத பதிலுக்காக நிரலின் திரும்பத் திரும்ப ஓடும் முதன்மை லூப் நின்றுபோனாலும், இன்டரப்ட் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ரீசெட் ஒருபோதும் நிகழாது. நான் செய்த தண்ணீர்த் தொட்டிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில் இதே பிழையைச் செய்திருக்கிறேன். தொட்டி நிரம்பி வழிந்தது, திரையில் எண் உறைந்து நின்றது, பச்சை விளக்கு மட்டும் சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த விளக்கும் அதே இன்டரப்டில்தான் இருந்தது. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பணியும் முடிந்ததும் தனக்குரிய கொடியை (பணி முடிந்ததைக் குறிக்கும் பிட்டை) உயர்த்த வேண்டும். எல்லாக் கொடிகளும் உயர்ந்திருந்தால் மட்டுமே லூப்பின் முடிவில், ஒரே இடத்தில், வாட்ச்டாக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. அதில் எடுத்துக்காட்டிய ஏடிமெகா328பி சிப்பில், வாட்ச்டாக்கால் ரீசெட் ஆனபின் அதைக் குறிக்கும் டபிள்யூடிஆர்எஃப் (WDRF) பிட் 1 ஆகவே இருக்கும். அது இருக்கும்வரை வாட்ச்டாக்கை அணைக்க முடியாது. காலக்கெடுவும் மிகக் குறைந்த அளவான ஏறத்தாழ 16 மில்லி நொடிக்கு இறங்கிவிடும். தொடக்க வேலைகள் அதைவிட நீண்டால், கருவி எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருக்கும். எனவே நிரலின் முதல் வேலையாக அந்தப் பிட் இருக்கும் எம்சியுஎஸ்ஆர் (MCUSR) ரிஜிஸ்டரை, அதாவது சிப்பின் உள் நினைவுச் சிற்றறையைப் படித்து, ரீசெட்டின் காரணத்தைச் சேமித்துக்கொண்டு, அந்தப் பிட்டை அழித்துவிட வேண்டும். காலக்கெடுவை மாற்றும்போது, மாற்றத்தை அனுமதிக்கும் பிட்களை எழுதிய நான்கு கிளாக் சுழற்சிகளுக்குள் புதிய மதிப்பை எழுதியாக வேண்டும் என்பதால், அந்நேரம் இன்டரப்டுகளை நிறுத்தி வைப்பது அவசியம்.

லூப் ஓடும் நேரத்தைக் கணக்கிட்டு, காலக்கெடுவை அதை ஒட்டியே வைக்கலாம் என்று யாரேனும் நினைத்தால், அதுவும் ஏற்கத்தக்கதன்று. எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் வாட்ச்டாக்கை ஓட்டும் உள் ஆசிலேட்டர் (காலத் துடிப்பு தரும் சுற்று) பெயரளவில் 40 கிலோஹெர்ட்ஸ். உண்மையிலோ 30 முதல் 60 வரை இருக்கலாம். ஒரு நொடி என்று நினைத்து வைத்தது முக்கால் நொடிக்கும் முன்பே முடிந்து, ரீசெட் நிகழ்ந்துவிடலாம்.

அடுத்த இணைப்பிதழில் மாதிரி நிரலுக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்